மலைக்கும் கடலுக்கும் நடுவே வாழ்வோருக்கு

உளுந்தூர்பேட்டையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வாழும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு திறந்த மடல்



சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரியும் இடத்தில் நம் ஊர் அமைந்திருப்பதால், வெளியூர்க்காரர் பலருக்கு உளுந்தூர்பேட்டை என்றால் சுங்கச்சாவடி, உணவு விடுதி, நள்ளிரவில் பேருந்து சிறிது நேரம் நின்று புறப்படும் இடம் என்ற அளவிலேயே பரிச்சயம் உண்டு. கடந்து போகிறவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த மண்ணின் உளுந்தையும் கரும்பையும் விளைவித்த குடும்பங்களில் வளர்ந்த நீங்களும், இரண்டு நாள் விடுமுறை கிடைத்த மாத்திரத்தில் ஏற்காட்டிற்கும் கொடைக்கானலுக்கும் புதுச்சேரிக்கும் விரைந்து சென்று, அங்குள்ள ஜனக்கூட்டத்தில் அலைந்து திரும்புவதைக் காணும்போது, நமக்கு மேற்கே கல்வராயன் மலையும், கிழக்கே ஏறத்தாழ அதே தொலைவில் வங்கக் கடலும் இருக்கின்றன என்பதை உங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் என்னுள் வலுக்கிறது. அதன் விளைவே இம்மடல்.

காலையில் புறப்பட்டு, பகற்பொழுதைக் காலால் நடந்து கழித்து, விளக்கு வைக்கும் நேரத்திற்குள் வீடு திரும்பத்தக்க ஒரு நாள் நடைக்கே உங்களை அழைக்கிறேன். சிகரத்தில் கொடி நாட்டும் சாகசமோ, காட்டில் கூடாரமடித்து இரவு தங்கும் ஏற்பாடோ இதற்குத் தேவையில்லை. நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தால், கள்ளக்குறிச்சி மார்க்கமாக மலையடிவாரத்தையும், விருத்தாசலம், சிதம்பரம் மார்க்கமாகக் கடற்கரையையும் வெயில் ஏறுமுன் அடைந்துவிடலாம். இப்படிப்பட்ட சௌகரியம் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது?

இவ்விரண்டு திசைகளையும் இணைப்பது சாலை அன்று, ஜலம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கம். சேர்வராயன், சவ்வாது, பச்சைமலை ஆகியவற்றோடு வரிசையாக நின்று, தெற்கே காவிரிப் படுகையையும் வடக்கே பெண்ணை, பாலாற்றுப் படுகைகளையும் பிரித்து வைப்பது. அம்மலையின் சரிவுகளில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும், அணைகளில் சிறிது தங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, விருத்தாசலம் பிரதேசத்தைக் கடந்து, இறுதியில் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் சமுத்திரத்தைச் சேருகின்றன. மேற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிழக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நடந்தீர்களானால், ஒரே நீரின் பிறப்பிடத்தையும் முடிவிடத்தையும் கண்டவர்களாவீர்கள். அந்நீரின் வழியில் வாழ்கிற மக்களைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஜில்லாவைத் தெரியும் என்று நம்மில் எவரும் சொல்லிக்கொள்ள முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், 46 அடி நீர்மட்டம் கொண்ட கோமுகி அணையின் கரையில் நின்று மேற்கே பார்த்தால், மலை முழுவதும் ஒரே பச்சை என்றுதான் முதலில் தோன்றும். நடக்கத் தொடங்கியபின்தான் அதன் படிகள் புலப்படும். ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு. அதற்கு மேல் 800 மீட்டர் வரை, கோடையில் இலையுதிர்த்து மழையில் தளிர்க்கும் மரங்கள். உச்சியிலுள்ள சமவெளிகளில், புல்வெளிகளுக்கிடையே, பள்ளங்களில் ஈரம் காத்து நிற்கும் சோலைகள் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. வடபாகமாகிய சின்னக் கல்வராயன் சராசரி 2700 அடி உயரம் என்றும், தென்பாகமாகிய பெரிய கல்வராயன் 4000 அடி என்றும் சொல்வார்கள். ஆகவே ஒரே நாளில், சில மணி நேர நடையில், உலர்ந்த காட்டிலிருந்து குளிர்ந்த காட்டிற்கு மாறும் அனுபவம் உங்களுக்குக் கிட்டும். காரில் போகிறவர்களுக்கு இது கிட்டாது, ஏனெனில் மலைமேலுள்ள கரியாலூரை அடைவதற்குள் அவர்கள் கண்ணயர்ந்து விடுகிறார்கள்.

மலைமேலுள்ள மற்றோர் ஊராகிய வெள்ளிமலைக்குப் போகும் சாலையோரத்திலேயே பெரியார் நீர்வீழ்ச்சி இருக்கிறது. அங்கே இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்புவோர் அநேகர். மேகம் அருவியோ காட்டு வழியில், பாறைகளையும் ஓடையையும் கடந்து நடந்தே சேர வேண்டிய இடம். அந்த நடையில்தான் மலை தன்னைக் காட்டுகிறது. மூங்கில் புதர்களின் ஓரமாகக் கடுக்காய் மரங்கள் நிற்கும். அக்கடுக்காயைப் பொறுக்கி, உலர்த்தி, சமவெளிக்கு அனுப்புவது மலைவாசிகளின் பழைய ஜீவனோபாயங்களில் ஒன்று. நம் வீடுகளில் பாட்டிமார் உரைத்துக் கொடுத்த கடுக்காய் எங்கிருந்து வந்ததென்று அந்த மரத்தடியில் நிற்கும்போது உங்களுக்குத் தெரியவரும்.

இம்மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரைப் பற்றி நான் சிறிது விரிவாகவே எழுத வேண்டும். கேரள தேசத்தவர்க்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தமிழே இவர்கள் பாஷை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழிவழியாக வழங்கும் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் இவர்களுடைய பழைய பயிர்கள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி இப்போது பல சரிவுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. தேசம் சுதந்திரமடைந்து ஏறத்தாழ முப்பது வருஷங்களுக்குப் பின்னர், 1976-ல்தான் இது முழுமையாக அரசின் கைக்கு வந்தது என்றால், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் சாலையும் இங்கு ஏன் இவ்வளவு பின்தங்கி வந்தன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட கோரத்திற்குப் பிறகு, செய்தித்தாள்களில் கல்வராயன் மலை என்ற பெயர் கள்ளச்சாராயம் என்ற சொல்லோடு சேர்ந்தே வரலாயிற்று. அவ்வருஷமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இம்மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து விசாரணையை மேற்கொண்டது. சில இடங்களில் சாராயம் காய்ச்சப்பட்டது உண்மை. ஆயினும் சிலர் செய்த குற்றத்தை ஒரு ஜனசமூகத்தின் மேலேயே ஏற்றிப் பேசுவது அநியாயம். அந்த அநியாயத்தை நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலேயே கேட்டு என் மனம் வருந்தியிருக்கிறது. மலையில் ஒரு நாள் நடந்து, ஒரு மலையாளிக் குடும்பத்தின் களத்துமேட்டில் உட்கார்ந்து, சாமை குத்துவதையும் தேனெடுப்பதையும் பற்றி அவர்களோடு பேசிவிட்டு வந்த ஒருவனுடைய வாயிலிருந்து அந்தப் பேச்சு வராது. பயணத்தால் விளையும் பிரயோஜனங்களில் இதைவிடப் பெரியதாக நான் எதையும் கருதவில்லை.

ஆனால் காட்டிற்குள் நினைத்த நேரத்தில், நினைத்த வழியில் நுழையலாம் என்று எண்ணிவிடாதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைக்குச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்ட இளம் உயிர்கள் பலியான துக்கம் இன்னும் ஆறவில்லை. கோடையில் மலைப்புல் காய்ந்து சருகாகி நிற்கும்போது, சரிவின் அடியில் பற்றிய தீ காற்றோடு சேர்ந்து மேல்நோக்கி எவ்வளவு வேகமாய் ஏறும் என்பதை அறியாமையே அத்தகைய விபத்துகளை நேரவைக்கிறது. தீ மேட்டை நோக்கியே விரைந்து பரவும். தப்பியோடும் மனிதனோ மேட்டில் ஏற ஏற மூச்சிழந்து நிற்பான். ஆகவே மாசி பிற்பகுதி முதல் கோடை மழை பிடிக்கும் வரை நம் மலைக்கு நடைக்காகப் போகலாகாது. அடர்மழைக் காலமாகிய ஐப்பசி, கார்த்திகையிலும் ஓடைகளை நம்பலாகாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே எங்கோ பெய்த மழை கால் மணி நேரத்தில் செந்நீராய் வந்து ஓடையை அடைத்துவிடும். வெள்ளக் காலங்களில் வனத்துறையினர் அருவியில் குளிக்கத் தடை போடுவது இதனால்தான். மார்கழி, தை, மாசியின் முற்பகுதி ஆகியவையே உகந்த காலம். அப்போதும் வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெற்று, அந்தப் பாதையை அறிந்த மலையாளி இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, அவருக்கு ஒரு நாளைக்குரிய நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து நடப்பதே முறை. காப்புக்காடு என்றால் அனுமதி சட்டப்படியே வேண்டும். காட்டெருமை நடமாடும் வனத்தில், அதன் தடம் அறிந்த ஒருவர் முன்னே நடப்பது உயிருக்கும் பாதுகாப்பு.

மலையிலிருந்து கடலுக்குப் போகும் வழியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூர் நமக்கு அண்டை ஊர். அவர் மணிமுத்தாற்றில் பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையை விருத்தாசலத்துக்காரர்கள் எவரும் உங்களுக்குச் சொல்வார்கள். தலந்தோறும் நடந்தே சென்றவர்களின் பூமி இது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, சிதம்பரத்திற்கு வடகிழக்கே உள்ள கரையோரத்திற்குப் போவோம்.

புதுச்சத்திரத்திற்குக் கிழக்கே இருக்கும் சாமியார்பேட்டை ஒரு சிறு மீனவக் குடியிருப்பு. அங்கிருந்து கடலை இடக்கையில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால், வேலங்கிராயன்பேட்டை, புதுப்பேட்டை, சின்னூர் முதலான குப்பங்களைக் கடந்து, வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள அன்னங்கோயில் மீன்பிடித் துறையை ஒரு காலைப் பொழுதில் அடையலாம். சவுக்குத் தோப்புகளும் மணல்மேடுகளும் மாறி மாறி வரும். அம்மணலைக் கட்டிப் பிடித்திருப்பவை அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். ஊதா நிறப் பூவோடு படர்ந்திருக்கும் அக்கொடியைக் களை என்று எண்ணி மிதித்துப் பிடுங்குகிறவர்கள், கடற்காற்று மணலை ஊருக்குள் தள்ளாமல் தடுத்து நிற்பது அதுவே என்பதை உணர்வதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை இக்கரையை அடித்துச் சென்றபோது, உயரமான மணல்மேட்டிற்குப் பின்னால் இருந்த வீடுகளுக்கும், மேட்டை வெட்டிச் சமமாக்கிய இடத்து வீடுகளுக்கும் ஏற்பட்ட கதி ஒன்றாக இருக்கவில்லை. கரையோரம் நடக்கும்போது மேடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டே போங்கள்.

தை முதல் பங்குனி வரையில் இந்த மணலில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். விடியற்காலையில் நடப்பவர்கள், அலையோரத்திலிருந்து மேட்டை நோக்கிப் போய்த் திரும்பிய அகலமான தடத்தைக் காணலாம். அந்தத் தடத்தின் முடிவில் மணலைக் கிளறாமல், பக்கத்தில் உள்ள மீனவரிடமோ வனத்துறையினரிடமோ சொல்லிவிடுங்கள். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுவார்கள். குப்பங்களில் கருவாடு காயும் இடத்தையும், வலை செப்பனிடும் இடத்தையும் தாண்டும்போது, பிறர் வீட்டு முற்றத்தைத் தாண்டும் மரியாதையோடு தாண்டுங்கள். வலையை மிதிக்க வேண்டாம். பெண்கள் மீன் பிரிக்கும் இடத்தில் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். கடலில் இறங்குவதானால், அவ்விடத்து மீனவரைக் கேட்டு இறங்குங்கள். அமைதியாகத் தோன்றும் இடத்தில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடப்பது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. "இதயக்கனி" படம் பார்த்தவர்களுக்கு அதன் தோற்றம் தெரியும். அது கடந்துவந்த சரித்திரம் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பல பதிற்றாண்டுகள், பகுதி பகுதியாக மரங்களை முழுவதும் வெட்டி எடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே விழுந்து, சேறு உலர்ந்து, மண் கீழிறங்கிக் குழிந்தது. குழியில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, ஒரு விதையும் முளைக்க முடியாத பாழ்நிலமாயிற்று. பிற்காலத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும், சுற்றியுள்ள கிராமத்தாரோடு சேர்ந்து, மீன்முள்ளைப் போல் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி, ஏற்ற வற்றத்தின் நீர் தினமும் உள்ளே வந்து போக வழி செய்து, வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். உப்பு தணிந்தது, காடு மீண்டது. 2022-ல் பிச்சாவரம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கெட்டுப்போன வனத்தைச் சிரத்தையுள்ள மனிதர்களால் திரும்பவும் உண்டாக்க முடியும் என்பதற்கு, நம் வீட்டிலிருந்து ஒரு காலைப் பயணத்தில் இருக்கும் பிரத்தியட்சமான சான்று அது.

ஆழிப்பேரலையின்போது இக்காட்டிற்குப் பின்னால் இருந்த கிராமங்கள் குறைந்த சேதத்தோடு தப்பின என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் முக்கியக் காரணங்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. இந்த விவாதத்தைக் கேள்விப்பட்டுவிட்டு அங்கே போய்ப் பாருங்கள். துடுப்புப் படகில் உங்களை ஏற்றிச் செல்லும் மனிதரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கிள்ளைப் பக்கத்து இருளர்களையும் சந்தியுங்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கும் அவர்களுடைய வித்தையை எந்தப் புத்தகத்திலும் கற்க முடியாது. விசைப்படகில் இரைச்சலோடு சுற்றிவிட்டு வருவதைக் காட்டிலும், துடுப்புப் படகில் மெதுவாகப் போவதையே நான் சிபாரிசு செய்கிறேன். பறவைகள் பறந்து போகாமல் இருப்பது அப்போதுதான்.

வெள்ளாற்று முகத்துவாரத்துப் பரங்கிப்பேட்டையை விட்டுப் புறப்படுமுன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே ஓர் இரும்பு ஆலையை நிறுவினார். தாது சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. அக்கரிக்காக எத்தனை காடுகள் சாம்பலாயின என்பதை எண்ணும்போது, கரையிலுள்ள ஆலைக்கு மலையும் வனமும் விலை கொடுக்கும் நிலை புதியதன்று என்பது விளங்கும். இன்றைக்கும் மலைச் சரிவின் மண் கரைந்தால் கோமுகி அணையில் வண்டல் சேருகிறது. ஆற்றில் மணல் அள்ளினால் முகத்துவாரத்திற்கு வந்துசேர வேண்டிய மணல் குறைகிறது. நாம் சாலையோரம் எறியும் பிளாஸ்டிக் உறை, ஒரு மழையில் ஓடைக்கும் அடுத்த மழையில் ஆற்றுக்கும் போய், முடிவில் மீனவரின் வலையில் ஏறுகிறது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாட்டில் தடை இருந்தும், அருவிக்கரைகளில் அவற்றோடு உடைந்த மதுப்புட்டிகளும் கிடப்பதைக் காண்கிறோம். வெறுங்காலோடு அந்த ஓடையில் இறங்கும் மலைவாசிக் குழந்தையின் பாதத்தை ஒரு கணம் நினைத்தால், அந்தப் புட்டியை வீசும் கை தானே நின்றுவிடும் என்று நம்புகிறேன். நடைக்குப் போகும் நாளில் மது கூடாது. இதில் எந்த விலக்கும் வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை சொற்பமே: வீட்டிலிருந்து தண்ணீர், கட்டுச்சோறு, பழைய ஆனால் உறுதியான செருப்பு அல்லது காலணி, தலைக்கு ஒரு துண்டு. திரும்பி வருகையில் மலையில் சாமையோ தேனோ கடுக்காயோ, கரையில் கருவாடோ, விளைவித்தவரிடமும் பிடித்தவரிடமும் நேரே வாங்கி வாருங்கள். பெண்பிள்ளைகளைக் கூட்டத்தில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: தக்க பெரியவர் ஒருவர் உடனிருக்க, பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்பும் இந்த நடையில் உங்கள் பெண்ணை அனுப்பத் தயங்காதீர்கள், இந்த மலையும் கடலும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியவையல்ல.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2024 அக்டோபரில் தமிழக அரசு, 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைத் தேர்ந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, முறையான அனுமதியோடு நடக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்தத் தொடக்கப் பட்டியலில் கல்வராயன் மலை இடம்பெறவில்லை. கூலி வேலைக்காகத் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் மலையை விட்டு இறங்கிப் போகும் இளைஞர்களில் சிலருக்காவது தங்கள் மலையிலேயே கௌரவமான ஜீவனம் கிடைக்க, அப்பட்டியலில் இம்மலை இடம்பெறுவது வழி செய்யும். ஆதலால் நீங்கள் பத்துப் பதினைந்து பேராக ஒன்றுகூடி, உளுந்தூர்பேட்டையில் ஒரு நடைக் கழகத்தை இந்த மார்கழிக்குள் ஏற்படுத்துங்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிறு மலைக்கும், மாசியில் ஒரு ஞாயிறு கடற்கரைக்கும் போய் வாருங்கள். கண்டவற்றை எழுதி வையுங்கள். பிறகு வெள்ளிமலை மக்களையும் கலந்துகொண்டு, கோமுகி அணையிலிருந்து தொடங்கும் ஒரு வழியையாவது அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி, கள்ளக்குறிச்சியிலுள்ள மாவட்ட வன அலுவலருக்கு உங்கள் கையெழுத்துகளோடு ஒரு மனு அனுப்புங்கள். அம்மனுவில் முதல் கையெழுத்து இட நான் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
உளுந்தூர்பேட்டைவாசி ஒருவன்